கிறுகிப் பார்க்கிற பாண்காரன்

பற்றிக் மனிதர்களைப் பெரிதாக மதித்தவன் அல்ல. பாண் ஆட்டோ ஓட்டுகிற ஒருவனுக்கு மனிதர்களை மதிப்பதற்கான காரணங்கள் கிடைப்பது அரிது. மத்தியானம் கடந்ததும் ஓட்டமாவடியில் உசனார் முதலாளியின் பேக்கரியில் பாணும் பணிஸுமாகப் பெட்டியை நிரப்பிக்கொண்டு வாகரை வீதியில் இறங்குவான். காயாங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று ஊர் ஊராக, பாண் வருவதை அறிவிக்கிற பாட்டை அலறவிட்டபடி போவான். வேலியடிக்கு வருகிற பெண்கள் எல்லாப் பணிஸையும் கிள்ளிப் பார்த்துவிட்டு, கிள்ளாத ஒன்றைக் கேட்பார்கள். ஆண்கள் சுடச்சுட இருக்கிற பாணைக் கையில் பிடித்துக்கொண்டே, "நேத்தையப் பாணா?" என்பார்கள். பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் இந்தக் கதைகளை அவரவர் குரலிலேயே மனைவி மேர்சிக்குச் சொல்லிக் காட்டுவான். அவள் வயிறு நோகச் சிரிப்பாள். அந்தக் குடும்பத்தின் சந்தோசம் பெரும்பாலும் மற்றவர்களின் அற்பத்தனத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட ஒருவனுக்குத்தான், இவர்களில் யாரையாவது கொன்றுவிட்டேனோ என்ற பயம் வந்து சேர்ந்தது.

ஒரு மாரிகாலத்துப் பின்னேரம் மாங்கேணி மதகைத் தாண்டும்போது பின்சில்லு எதன்மேலோ ஏறி இறங்கியது. கண்ணாடியில் பார்த்தான். நனைந்த வீதியும் ஒரு கன்றுக்குட்டியும் தெரிந்தன. வேறு எந்தச் சாரதியும் அதோடு மறந்திருப்பான். பற்றிக் பனிச்சங்கேணிப் பாலத்துக்குக் கிட்டப் போவதற்குள் அந்தக் குலுக்கல் ஒரு குழந்தையாகிவிட்டது. பாட்டுக் கேட்டால் பிள்ளைகள் ஓடி வருவதுதானே வழக்கம். ஒரு பிள்ளை பின்பக்கமாக ஓடி வந்திருந்தால்? ஆட்டோவைக் கிறுக்கிக்கொண்டு திரும்பிப் போனான். மதகடியில் ஒரு தேங்காய் மட்டை நசுங்கிக் கிடந்தது. இறங்கிக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். கொஞ்சத் தூரம் போனதும், மதகுக்குக் கீழே எட்டிப் பார்த்தேனா என்ற கேள்வி வந்தது. மறுபடியும் கிறுகினான்.

அன்று தொடங்கியது வருடக்கணக்கில் நீடித்தது. குழி, கல், வீதியில் காயப்போட்ட நெல் எல்லாமே அவனுக்கு ஆள்களாயின. காயாங்கேணியில் பாட்டுக் கேட்டு வேலியடிக்கு வந்த பெண்கள், ஆட்டோ வந்த வழியே திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பனிச்சங்கேணிக்குப் பாண் இருட்டிய பிறகு போனது. சில நாள் போகவேயில்லை.

ஊர் இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தது. ஒருவன் ஒரே வீதியில் போய்ப்போய் வருகிறான் என்றால் அங்கே அவனுக்கு ஒரு பெண் இருக்கவேண்டும். அதற்குமேல் யோசிக்கும் சிரமத்தை அந்த வீதியில் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மாங்கேணியில் ஒரு விதவையைக்கூடத் தெரிவுசெய்து வைத்திருந்தார்கள். பாவம், அவள் பாணே சாப்பிடாதவள்.

கதை மேர்சியின் காதுக்கும் வந்தது. அவளுக்கு உண்மை தெரியும். வீட்டில் நடப்பது அவளுக்குத்தானே தெரியும்.

"மாங்கேணியில ஒண்டும் நடந்திருக்காதெலுவா?" என்று கேட்பான்.

"ஒண்டும் நடக்கல்ல."

"மதகடியில சில்லு ஒள்ளம் துள்ளினது."

"அது கல்லாயிருக்கும்."

"கல்லெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்? நீ வந்தநீயா?"

மேர்சி எழும்பி டோர்ச்சை எடுத்துக்கொண்டுபோய்ச் சில்லுகளைப் பார்ப்பாள். இரத்தம் இல்லை என்று வந்து சொல்வாள். கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு முதலிலிருந்து தொடங்கும். "இதுக்கு நீங்க ஒருத்திய வெச்சிருந்தாலும் பறவாயில்ல. அவளோட சண்டை பிடிச்சிட்டுப் படுத்திருப்பன்" என்றாள் ஒரு நாள்.

அவள் தன் தமையன் ஜொய்சனிடம் சொன்னது அவள் செய்த ஒரே முட்டாள்தனம். ஜொய்சன் முன்பு கைத்தொலைபேசிக் கார்ட் விற்றவன். அது படுத்ததும் தகரக் கொட்டகை ஒன்றில் ஜெபக்கூட்டம் நடத்தத் தொடங்கியவன். மாங்கேணி வீதியில் யுத்தகாலத்தில் செத்த ஓர் ஆவி ஆட்டோவில் ஏறியிருக்கிறது என்று கேட்ட மாத்திரத்திலேயே சொல்லிவிட்டான். பற்றிக்கை ஒலிவாங்கிக்கு முன்னால் முழங்காலில் நிறுத்தி, தலையைப் பிடித்து உலுக்கி, மூன்று தெருவுக்குக் கேட்கும்படி ஆவியை அதட்டினான். பெடியன்கள் போனில் படம் பிடித்தார்கள். எல்லாம் முடிந்ததும் மைத்துனனைத் தனியே கூப்பிட்டு, "வாற கிழமை வரேக்க சபைக்குக் கொஞ்சம் பணிஸ் கொண்டு வாங்க மச்சான்" என்றான்.

"ஆவிக்கும் சேத்தா?" என்று கேட்டுவிட்டு வந்த பற்றிக் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை.

பொலிசுக்குப் போனது அவனுடைய சொந்த யோசனை. முதலில் போன் எடுத்து, "இண்டைக்கு வாகரை றோட்டில எக்சிடன்ட் ஏதும் நடந்ததா?" என்று கேட்பான். இல்லை என்பார்கள். அடுத்த நாளும் கேட்பான். எந்த நாளும் விபத்தை விசாரிக்கிற ஒருவன் மீது சந்தேகம் வரத்தானே செய்யும். கூப்பிட்டார்கள். ஆட்டோவோடு போனான். தமிழ் பேசத் தெரிந்த சிங்கள சார்ஜன்ட் ஒருவர் கேட்டார்.

"யாரு செத்தது?"

"தெரியா சேர்."

"எங்க செத்தது?"

"செத்திருக்க மாட்டாங்கபோல சேர்."

"அப்ப எதுக்கு வந்தது?"

"நீங்க ஒருக்கா வடிவாப் பாத்துச் சொன்னீங்கெண்டா..."

ஆட்டோவுக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். காய்ந்த சேறும், சில்லில் ஒட்டிய சீனிப் பணிஸ் துண்டும் இருந்தன. சார்ஜன்ட் நிமிர்ந்து சொன்னார்: "பிடிச்சு வைக்கச் சொல்லிக் கெஞ்சுற ஆள இப்பதான் பாக்குறன். ஜெயில் வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போ." இத்தனை காலத்தில் புத்தியான வார்த்தை சொன்ன முதல் ஆள் அவர். அவரும் பற்றிக் வாசலைத் தாண்டுவதற்குள் மற்றவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார்.

அதையும் பற்றிக் காதில் போட்டிருக்க மாட்டான். பாண் விற்காமல் திரும்பி வருவதைப் பார்த்துச் சலித்த உசனார் முதலாளி, "மருந்தெடு, இல்லாட்டி ஆட்டோத் திறப்ப வெச்சிட்டுப் போ" என்றபோதுதான் நகரத்துக்கு பஸ் ஏறினான்.

டொக்டர் இதற்கு எண்ணச் சுழற்சி நோய் என்று பெயர் சொன்னார். ஓ.சி.டி. என்றும் சொல்வார்களாம். குளிசை தந்தார். இர்ஷானா என்ற உளவளத்துணையாளரிடம் அனுப்பினார். அவள் ஓட்டமாவடிப் பெண், வயதில் மிகச் சின்னவள். அவளுடைய வீட்டிலும் தன் பணிஸைக் கிள்ளியிருப்பார்கள் என்ற நினைப்பே பற்றிக்குக்கு அவள்மீதிருந்த மரியாதையில் பாதியைக் குறைத்தது. மீதியை அவளே குறைத்துக்கொண்டாள்.

"மிஸ், நான் ஆரையும் அடிக்கல்லத்தானே?"

"தெரியாது அண்ணன்."

"உங்களுக்கு என்ன நினைப்பு?"

"அடிச்சும் இருக்கலாம். அடிக்காமயும் இருக்கலாம்."

இதைச் சொல்வதற்கு ஒரு பட்டமும் சம்பளமும் மேசையுமா என்று நினைத்தான். அவள் சொன்ன வைத்தியம் இதுதான்: எது பயமோ அதற்குக் கிட்டப் போகவேண்டும், போன பிறகு நிம்மதிக்காக எதுவும் செய்யக்கூடாது. மட்டைமேல் ஏற்று, கிறுகாதே, மனைவியிடம் கேட்காதே. "திரும்பிப் பாக்கிற ஒவ்வொரு தரமும் பயத்துக்குச் சாப்பாடு வெக்கிறீங்க" என்றாள். மேர்சிக்கும் ஒரு கட்டளை போனது. அன்று பின்னேரம் பற்றிக் வழக்கமான கேள்வியைக் கேட்டபோது மேர்சி மீன் வெட்டிக்கொண்டே, "எனக்குத் தெரியா" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படி ரசித்து ஒரு சொல்லைச் சொன்னதில்லை.

ஆனால் தனியே அவனுக்கு ஏலவில்லை. மட்டையில் ஏற்றுவான், பல்லைக் கடித்துக்கொண்டு பாலம்வரை போவான், பிறகு கிறுகிவிடுவான். அப்போதுதான் இர்ஷானா வியாழக்கிழமைக் குழுவுக்கு வரச் சொன்னாள். இதே வருத்தமுள்ளவர்கள் கூடுவார்களாம். எழுதாத நாடகம் நடிப்பார்களாம்.

பற்றிக்குக்கு நாடகக்காரர்கள் புதிதல்ல. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன வருடத்திலிருந்து இந்தக் கரையில் வட்டமாக நிற்காத ஆள் கிடையாது. உதவிக்கென்று நிறுவனக்காரர்கள் வாகனங்களில் வந்து இறங்கி, கண்ணை மூடிப் பாதுகாப்பான இடத்தை நினைக்கச் சொன்னார்கள். நூற்பந்தை எறிந்து பிடிக்கச் சொன்னார்கள். ஒரு மிருகத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துச் சொல்லச் சொன்னார்கள். புலி என்று சொல்ல யாருக்கும் துணிவில்லாததால் அகதி முகாமில் வட்டம் முழுக்க முயல்களாகவே நின்றது. பற்றிக் தன்னைப் பன்றி என்றான். அதற்கும் கைதட்டிவிட்டு பிஸ்கட் தந்துவிட்டுப் போனார்கள்.

இப்போது வட்டத்தை நடத்தியவன் டிலுக்ஷன். தாடி, துணிப் பை, வெறுங்கால். வீதி நாடகங்களில் டெங்கு நுளம்பாக நடித்துப் பெயரெடுத்தவன். "உடம்ப இலேசா விடுங்க" என்றான். பற்றிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கண்ணுக்குத் தெரியாத பந்தை எறிந்தார்கள். அவன் பிடிக்கவில்லை. அது அவன் காலடியில் விழுந்துவிட்டதாக எல்லாரும் பாவனை செய்தது அவனுக்கு அருவருப்பாக இருந்தது. பக்கத்தில் நின்ற பழுகாமத்து அன்னப்பூரணி என்ற பெண், வயல் வட்டைக்குத் தெளிக்கிற பூச்சிமருந்து தன் கையில் ஒட்டியிருந்து கறியில் கலந்திருக்கும் என்று சமைத்ததையெல்லாம் கொட்டுகிறவள். ஒரு நாளில் மூன்று தரம் சோறாக்குவாளாம். புருசன் கடையில் சாப்பிடுகிறானாம். நல்ல கூட்டம் என்று பற்றிக் மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

டிலுக்ஷனின் விளையாட்டுக்கு ஒரேயொரு விதி. எதிரில் நிற்பவர் எதைச் சொன்னாலும் மறுக்கக்கூடாது. 'ஓம்' என்று ஏற்கவேண்டும். 'மறுகா' என்று சொல்லி, பிறகு நடந்ததைத் தானே சேர்க்கவேண்டும். சுற்று சும்மாதான் தொடங்கியது. "மழை பெய்யிது." "ஓம், மறுகா குடை பறந்து போச்சு." சின்னப்பிள்ளைத்தனம். பிறகு இர்ஷானா அன்னப்பூரணியைப் பற்றிக்குக்கு முன்னால் நிறுத்தி அவளுடைய காதில் எதையோ சொன்னாள்.

அன்னப்பூரணி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "தம்பி, மாங்கேணி மதகடியில ஒரு புள்ளய அடிச்சிட்டு வந்திருக்கீங்க."

ஊரையே குரல் மாற்றிக் காட்டுகிற பற்றிக் தன் சொந்தக் குரலிலேயே, "இது என்ன விசர் விளையாட்டு" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், வாவிக் கரையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றான். நின்றபடியே மேர்சிக்குப் போன் எடுத்தான். "எனக்குத் தெரியா" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வியாழனும் போனான். ஏன் போனான் என்று கேட்டால், அந்தத் தாடிக்காரனுக்குத் தான் பயந்ததாக இருக்கக்கூடாது என்பான். இந்த முறை தயாராகப் போயிருந்தான்.

"புள்ளய அடிச்சிட்டீங்க தம்பி."

"ஓம், அடிச்சன். மறுகா அது எழும்பி வந்து, 'மாமா, கிம்புலாப் பணிஸ் இருக்கா?' எண்டு கேட்டிச்சு."

"ஓம். மறுகா தாய்க்காரி ஓடி வந்தா."

"ஓம், வந்தா. மறுகா எல்லாப் பணிஸையும் கிள்ளிட்டு, புள்ள செத்ததுக்கு ஒரு பணிஸ் சும்மா தரச் சொன்னா."

காயாங்கேணிப் பெண்களின் குரல் அச்சாக வந்தது. வட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்னப்பூரணி சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பற்றிக்குக்குத் தான் வென்றுவிட்டது தெரிந்தது.

இர்ஷானா சிரிக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு அண்ணன். ஆனா புள்ளய எழுப்பி விட்டிட்டீங்க."

"மறுகா?"

"சில்லைப் பாத்தாலும் பகிடி விட்டாலும் ஒண்டுதான். ஒண்டுமில்லையெண்டு உங்களுக்கு நீங்களே சொல்லி முடிச்சிட்டீங்க. இஞ்ச ஆரும் முடிவு தெரிஞ்சு நடிக்கிறல்ல. உங்கட வருத்தத்துக்குத்தான் முடிவு தெரியோணும். இன்னொருக்காச் செய்ங்க. இந்தத் தரம் புள்ள எழும்பாது."

மறுபடி செய்தார்கள். பிள்ளை எழும்பவில்லை. ஆட்கள் கூடினார்கள். ஒருவர் பிள்ளையின் பெயரைச் சொல்ல வாயெடுத்தபோது டிலுக்ஷன் கைதட்டினான். காட்சி அவ்வளவுதான். முடிவு இல்லை. எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். பற்றிக் நெஞ்சு அடித்துக்கொள்ள நடுவில் நின்றான். அந்தப் பிள்ளை யார், உயிரா பிணமா என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் டிலுக்ஷனைக் கெட்ட வார்த்தைகளால் திட்டினான். வாழைச்சேனைச் சந்தியில் இறங்கும்போதுதான், நெஞ்சு எப்போது அடங்கியது என்று தெரியாமலே அடங்கியிருந்ததைக் கவனித்தான். அதை மேர்சியிடம் சொல்லவில்லை. பெருமை அந்தத் தாடிக்குப் போய்விடும்.

வாரங்கள் இப்படிப் போயின. ஒரு நாள் டிலுக்ஷன் பாண் ஆட்டோவின் முன்சீட்டில் பற்றிக்கோடு ஒட்டிக்கொண்டு மாங்கேணிக்கு வந்தான். மட்டை, கல், குழி, ஒன்றையும் விடாமல் ஏற்றச் சொன்னான்.

"அண்ணன், ஆரோ விழுந்தமாதிரி."

"ஓம். மறுகா?"

"கத்துறமாதிரி."

"ஓம். மறுகா நான் பனிச்சங்கேணிக்குப் போறன்."

"செத்துப்போனா?"

பற்றிக் வீதியையே பார்த்துக்கொண்டு, "சாகலாம்" என்றான். பாலம் வந்தது. நீரில் வெயில் சாய்ந்து கிடந்தது. ஹான்டில் நேராகவே நின்றது. பாலத்துக்கு அப்பால் ஒரு பெண் நின்றிருந்தாள். எல்லாப் பணிஸையும் கிள்ளினாள். பற்றிக் அவளைப் பார்த்து, கன காலத்துக்குப் பிறகு, முழுமனதோடு எரிச்சல்பட்டான்.

வட்டத்திலும் அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. மற்றவர்களுடைய பயத்தின் குரலாக நடிப்பது. ஏளனத்தில் அவனை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. அன்னப்பூரணி ஒரு வியாழன் பழுகாமத்திலிருந்து கணவாய்க் கறியும் சோறும் கட்டிக்கொண்டு வந்தாள், கொட்டாமல். பற்றிக் முதலில் உட்கார்ந்து சாப்பிட்டான். அவள் எதிரில் நின்று கையைப் பிசைந்தாள்.

"கறி பறவாயில்லையா தம்பி?"

"தெரியா. நாளைக்குக் காலம்புற எழும்பினாத்தான் தெரியும்."

அவள் சட்டியைப் பறிக்கவில்லை. பற்றிக் இன்னொரு அகப்பை போட்டுக்கொண்டான். நல்ல கறி என்று அவனுக்குத் தெரியும். சொல்லக்கூடாது என்பதுதான் மருந்து. அன்றைக்கு அவன் செய்தது அன்பு என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பான்.

பிறகு கோழிக் கதை நடந்தது. வைகாசியில் ஒரு நாள் காயாங்கேணியில் சில்லு துள்ளியது. பின்னால் யாரோ கத்துவது கேட்டது. பழைய சத்தம்தான் என்று நினைத்து, 'ஓம், மறுகா?' என்று முணுமுணுத்துக்கொண்டு கிறுகாமல் போனான். பெருமையாகவும் இருந்தது. அடுத்த நாள் றஜனி என்பவள் வீதிக்கு நடுவே நின்று ஆட்டோவை மறித்தாள்.

"முட்டைக் கோழிய அடிச்சிட்டுத் திரும்பியும் பாக்காமப் போறியா? நான் தொண்டை கிழியக் கத்தினநான்."

"கோழி எங்க?"

"கறி வெச்சாச்சு."

"தின்னாச்சா?"

"பின்ன என்ன, உனக்குக் காட்ட வெச்சிருக்கிறதா?"

சுற்றி நின்றவர்கள் பற்றிக்கைக் கல்நெஞ்சுக்காரன் என்றார்கள். போன வருடம்வரை திரும்பித் திரும்பிப் போகிறான் என்று அவனுக்கு ஒரு விதவையைச் சேர்த்துவைத்துக் கதைத்தவர்களும் அவர்கள்தான். ஒருவருக்கும் அது ஞாபகம் இல்லை. பற்றிக் ஒரு பைநிறையப் பாண் கொடுத்தான். றஜனி எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு போனாள். ஆட்டோவில் ஏறியபோது ஒரு வேடிக்கை அவனுக்குப் புரிந்தது. உண்மையாகவே ஓர் உயிரைக் கொன்றதற்கான குற்ற உணர்வு, கொல்லாத ஒரு பிள்ளைக்காக வருடக்கணக்கில் சுமந்ததில் கால்வாசி கூட இல்லை.

வியாழக்கிழமை இர்ஷானாவிடம் கேட்டான்.

"மிஸ், ஆள் கூப்பிட்டா நிக்கோணும், யோசனை கூப்பிட்டா நிக்கக்கூடா. ரெண்டும் ஒரே மாதிரிக் கூப்பிட்டா?"

"சில நேரம் பிழை வரும் அண்ணன். எல்லாச் சாரதிமாருக்கும் பிழை வரும்."

இதுவும் ஒரு பதிலா என்று பற்றிக் நினைத்தான். ஆனால் வேறு யாரிடமும் போய் அதை மறுபடி கேட்கவில்லை.

இதற்கிடையில் ஜொய்சன் தன் கொட்டகையில், மைத்துனனை விட்டு ஆவி ஓடிவிட்டதாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தான். ஒருமுறை உலுக்கிய ஆவி இத்தனை மாதம் கழித்து எந்த பஸ்ஸில் ஓடியது என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. மேர்சி கோபப்பட்டாள். பற்றிக், "சொல்லட்டும்கா. அவன் வேற என்னத்த விக்கிற?" என்றான்.

போன மாரியில் மழை விடாமல் பெய்த கிழமையில் மாங்கேணியில் மறுபடியும் கிறுகினான். ஒன்றல்ல, சில தரம். மதகுக்குக் கீழே குனிந்து பார்த்தான். கலங்கல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வட்டத்தில் அதைச் சொன்னான். யாரும் கைதட்டவில்லை, யாரும் ஆறுதலும் சொல்லவில்லை. அந்தவகையில் அது அவன் பார்த்த கூட்டங்களில் கொஞ்சம் திறமான கூட்டம் என்றுதான் சொல்லவேண்டும். மறுநாள் மழையோடு பெட்டியை நிரப்பிக்கொண்டு வெளிக்கிட்டான். உசனார் முதலாளி வாசலில் நின்று, "பனிச்சங்கேணிக்கு இண்டைக்காவது வெளிச்சத்தில போய்ச் சேருவியா?" என்று கேட்டார். பார்ப்போம் என்றுவிட்டு, பாட்டைப் போட்டுக்கொண்டு வீதியில் ஏறினான்.